பாதி அரிந்த பரங்கிக்காய்

என் நாட்குறிப்பில் ஒரு நாளுக்குப் பத்து வரி. பதினாறாம் வயதில் அப்படிக் கோடு போட்டுக்கொண்டேன், இன்றுவரை மாற்றவில்லை. மழை, கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்த நேரம், விதைத்தது, அறுத்தது, வந்தவர், போனவர், சந்தை நிலவரம் என்று எழுதினால் பத்து வரியும் நிரம்பிவிடும். சில நாட்களில் இடம் போதாமல் எழுத்தைச் சிறிதாக்கியிருக்கிறேன்.

என் மனைவி இறந்த பிறகு மூன்று வரிக்குமேல் வரவில்லை. மழை இல்லை. கவலை காலை ஆறு முதல் ஒன்பது வரை. சோளச் சோறு. வருத்தத்தால் கை ஓடவில்லை என்று சொல்ல முடியாது. கை நன்றாகவே ஓடியது. எழுத விஷயம் இல்லை. மீதி ஏழு வரி வெள்ளையாகக் கிடப்பது கண்ணை உறுத்தியது. ஐந்தாம் மாதத்தில் ஒரு நாள், கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் பாட்டுப் புத்தகம் விற்பவர் பாடிய மெட்டு ஒன்று நினைவில் இருந்தது. அந்த மெட்டில் அன்றைய செய்தியையே எழுதி ஏழு வரியையும் நிரப்பினேன். எங்கள் செம்மறி ஒன்று வேலி தாண்டிப் பக்கத்துக் காட்டில் மேய்ந்த செய்தி. பாட்டு மட்டமாக இருந்தது. பக்கம் நிரம்பியிருந்தது. மறுநாளும் அப்படியே செய்தேன்.

எனக்கு இந்தத் தொழில் வந்த வழி இதுதான். கேட்பவர்கள் சரஸ்வதி கனவில் வந்ததாக ஏதாவது எதிர்பார்க்கிறார்கள். சொல்வதற்கு அப்படி ஒன்றும் இல்லை.

எங்கள் ஊர் வடகரப்பதிப் பக்கம். கொச்சி சமஸ்தானத்து மண். வீட்டில் பேசுவது கோயமுத்தூர்த் தமிழ். எட்டு ஏக்கர் காடு, ஒரு கிணறு, ஒரு ஜோடி மாடு. வீட்டில் நானும் என் அக்காவும். அக்கா புருஷனை இழந்து வெள்ளைச் சேலையோடு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தவள். அது என் கல்யாணத்துக்கு முன்பு. என் மனைவியும் அவளும் ஆறு வருடம் ஒரே அடுப்பில் சமைத்தார்கள். சண்டை வந்ததாக நாட்குறிப்பில் இரண்டே இடங்களில் இருக்கிறது.

பாட்டு எழுத எனக்குத் தனியாக நேரம் கிடையாது. கவலை ஓட்டும்போதுதான் வரிகளைக் கட்டினேன். கவலை பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கிணற்றின் விளிம்பிலிருந்து ஒரு சரிவு வெட்டியிருக்கும். மாடுகள் அந்தச் சரிவில் இறங்கினால், வடத்தின் மறுமுனையில் கட்டிய தோல்பறி தண்ணீரோடு மேலே வரும். இறங்கும்போது நான் வடத்தின்மேல் உட்கார்ந்துகொள்வேன். பறி கொட்டியதும் மாடுகள் திரும்பாமல், அப்படியே பின்னால் நடந்து மேலேற வேண்டும். ஒரு காலைக்கு நூற்றைம்பது தடவை இறங்கி ஏறுவோம். முதல் இறக்கத்தில் ஒரு சொல் கிடைக்கும். ஏற்றத்தில் அதற்கு எதுகை தேடுவேன். ஒன்பது மணிக்கு மாட்டை அவிழ்த்ததும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எழுதிவிடுவேன்.

இதோடு இன்னொரு நோட்டும் வைத்துக்கொண்டேன். அதில் சொற்கள் மட்டும். எதுகைக்கு ஏற்றபடி பக்கம் பிரித்திருந்தேன். சந்தைக்குப் போனால் தரகர்கள் பேசுவதையும், கள்ளிச்செடிப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டுப் பெண்கள் பேசுவதையும் கேட்டு, புதிதாக வந்த சொல்லை வீட்டுக்கு வந்து அதன் பக்கத்தில் சேர்ப்பேன். ஒன்றரை வருடத்தில் அந்த நோட்டு தீர்ந்து இரண்டாவது தொடங்கியது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாடகக் கம்பெனி கொழிஞ்சாம்பாறைச் சந்தைப்பேட்டையில் கொட்டகை போட்டது. சித்தூர்த் தாலுகாக் கச்சேரியில் நாற்பது நாளுக்கு அனுமதி வாங்கியிருந்தார்கள். அவர்களுடைய பாட்டு வாத்தியார், அதாவது நாடகத்துக்குப் பாட்டு எழுதித் தருபவர், முந்திய ஊரிலேயே சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டதாகச் சந்தையில் பேசிக்கொண்டார்கள். நான் நாட்குறிப்புகளில் இருந்த பாட்டுகளை எல்லாம் தனி நோட்டில் பெயர்த்து எழுதி எடுத்துக்கொண்டு போனேன்.

கொட்டகைக்குள் ஆர்மோனியக்காரர் மட்டும் உட்கார்ந்திருந்தார். என்னைவிட மூன்று வயது இளையவர், திருநெல்வேலிக்காரர். கம்பெனிக்கு மெட்டுப் போடுகிறவரும் அவர்தான். வாயில் வெற்றிலை.

"யாருவே நீரு?"

"வடகரப்பதிங்க. பாட்டு எழுதுவேனுங்க."

"எத்தனை பாட்டு வச்சிருக்கீரு?"

"நானூத்திப் பதினொண்ணுங்க."

கட்டைகளின்மேல் இருந்த அவர் விரல் நின்றது. "எண்ணி வேற வச்சிருக்கீரா?"

"வரிசை எண் போட்டிருக்கேனுங்க."

"இதுவரைக்கும் எத்தனை பேரு பாடியிருக்காவ?"

"ஆரும் பாடலீங்க."

நோட்டை வாங்கினார். முதல் பாட்டை வாசித்துப் பார்த்தார். பிறகு நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று. நான்காவது பாட்டின் பாதியில் நிறுத்தினார்.

"வே, பாட்டு முன்னால ஓடுது. பின்பாதியில நொண்டுது. எதை எடுத்தாலும் அப்படித்தான் இருக்கு. நீரு எங்க வச்சு எழுதுதீரு?"

"கவலை ஓட்டும்போதுங்க."

அவர் ஊரில் ஆற்றுப் பாசனம். கவலை என்றால் அவருக்குத் தெரியவில்லை. நான் எழுந்து நின்று, மாடு இறங்குவதையும் பின்னால் நடந்து ஏறுவதையும் நடந்தே காட்டினேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சிரித்தார். வெகுநேரம் சிரித்தார். பிறகு திரைக்குப் பின்னால் பார்த்துக் கூப்பிட்டார்.

"எல்லாரும் இங்க வாங்கவே. இவரு பாட்டுல ரெண்டு மாடு இருக்கு. பின்னால நடக்கது நல்லாக் கேக்கு."

நடிகர்கள் நான்கைந்து பேர் வந்து நின்றார்கள். அவர் மறுபடி வாசித்துக் காட்டினார். எனக்கும் கேட்டது. அன்று முதல் அந்தக் கம்பெனியில் என் பெயர் ரெண்டு மாட்டு வாத்தியார்.

வீட்டுக்கு வந்து நானூற்றுப் பதினொன்றையும் விரலால் தட்டிப் பார்த்தேன். இரண்டு நாள் ஆனது. நொண்டாத பாட்டுகள் ஒன்பது. தேதிகளைப் பார்த்தேன். ஒன்பதும் மழை பெய்து கவலை ஓட்டாத நாட்களில் எழுதியவை. ஒன்பதின் எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு மறுநாள் போய் அவரிடம் காட்டினேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. ஒரு மெட்டை மூன்று தடவை வாசித்து, "இதுக்கு எழுதிட்டு வாரும். மாட்டைத் தொடாம எழுதும்," என்றார்.

அக்காவுக்கு நான் கொட்டகைக்குப் போவது இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. எருத்தேம்பதிப் பக்கம் எனக்கு ஒரு பெண் பார்த்து வைத்திருந்தாள். ஆவணியில் முகூர்த்தம் வைக்கலாம் என்று பேச்சு. நான் ஆகட்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. களி கிளறிக்கொண்டே கேட்டாள்.

"கம்பெனிக்காரங்ககூடப் போயி என்ன பண்ணப் போறே?"

"பாட்டு எழுதுவேன்."

"இங்கயே எழுதிட்டுத்தான இருக்கறே. ஆரு வேண்டாங்கறா?"

"அங்க எழுதுனா பாடுவாங்க."

களியை உருட்டித் தட்டில் போட்டாள். "அப்படீன்னா ஒண்ணு பண்ணு. கம்பெனி கெளம்பறதுக்குள்ள அவங்க உன்னையச் சேத்துக்கிட்டாங்கன்னா போ. இல்லீன்னா ஆவணியில தாலி கட்டு. ரெண்டுல ஒண்ணு ஆகோணும். கவலையும் நோட்டுமா நீ இருக்கறத என்னால பாத்துட்டிருக்க முடியாது."

சரி என்றேன். அன்றைய குறிப்பில், கம்பெனியோடு போக ஆசை என்று எழுதினேன். ஆசை என்பதை அடித்துவிட்டு உத்தேசம் என்று எழுதினேன். அதுதான் சரியாக இருந்தது. கல்யாணத்தை நினைத்தாலும் எனக்குள் ஒன்றும் அசையவில்லை. கம்பெனியை நினைத்தபோது, நாளைக்கு எழுத ஒரு மெட்டு இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது.

கவலைக்கு ஒரு ஆளை வைத்துவிட்டு, தினமும் மத்தியானம் கொழிஞ்சாம்பாறைக்கு ஐந்து மைல் நடந்தேன். போகும்போது முந்திய நாள் மெட்டுக்கு எழுதியதை வாய்க்குள் சொல்லிக்கொண்டு போவேன். வரும்போது புது மெட்டைத் தன்னானே போட்டுக்கொண்டு வருவேன். நடையில் அடி ஒரே அளவாக விழுவதால் நொண்டல் பத்து நாளில் போய்விட்டது. போனதும் வேறு குற்றம் வந்தது. எல்லாப் பாட்டும் சாலையில் நடப்பதுபோல் ஒரே சீராக இருந்தன. "இப்ப மாடும் இல்ல, மனுசனும் இல்ல," என்றார் ஆர்மோனியக்காரர். அதற்குப் பிறகு உட்கார்ந்து, கையைத் தொடையில் வைத்து, ஒரு விரலை மட்டும் அசைத்து எழுதப் பழகினேன். இன்றும் அப்படித்தான்.

பிடிக்காத வரியை அவர் வாயால் சொல்லமாட்டார். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிய விரலால் அதன்மேல் ஒரு கோடு இழுப்பார். அந்த நோட்டுகள் என்னிடம் இருக்கின்றன; கோடு விழுந்த இடமெல்லாம் தாள் அரித்திருக்கிறது. ஏன் கோடு விழுந்தது என்பதை நானே கண்டுபிடித்து ஓரத்தில் எழுதிக்கொள்வேன். மேல் ஸ்தாயியில் நிற்கும் இடத்தில் வாய் மூடும் எழுத்து வரக்கூடாது. ஆகாரம் வந்தால் பாடுகிறவருக்குச் சுகம். ஒரு வரிக்குள் அவருக்கு மூச்சு விட ஓர் இடம் வைக்க வேண்டும். முதலில் தோன்றிய எதுகை எல்லாருக்கும் தோன்றியிருக்கும். அதை எழுதி, அடித்துவிட்டு, இரண்டாவதையும் அடித்துவிட்டு, மூன்றாவதில் தொடங்கலாம். பெண் வேஷம் போடுகிறவருக்கு முன்பல் இரண்டு இல்லை. சகரம் அடுத்தடுத்து வந்தால் விசில் அடிக்கும். இந்தக் கடைசி விதியை எந்த இலக்கணத்திலும் நான் பார்த்ததில்லை.

இருபத்தைந்தாம் நாள் என்னுடைய கோமாளிப் பாட்டு ஒன்றை மேடையில் பாடினார்கள். ஜனங்கள் சிரித்தார்கள். மறுநாள் முதலாளி கூப்பிட்டு அனுப்பினார்.

"சிரிக்க வைக்க எங்க கோமாளியே போதும், பாட்டு இல்லாமலே சிரிக்க வைப்பான்," என்றார். "புலம்பல் எழுதத் தெரியாதவன் பாட்டு வாத்தியார் இல்லை. புது நாடகத்துல ஒரு புலம்பல் வேணும். ஜனம் அழுதா நீங்க எங்ககூட வண்டி ஏறுறீங்க. அழலைன்னா சந்தோஷமா விவசாயம் பாருங்க."

நாடகத்தின் கதை அவர்களே கட்டியது. நாட்டை இழந்த ராணி ஒருத்தி காட்டில் குடிசை போட்டு வாழ்கிறாள். அவளைத் தேடிக்கொண்டு அவள் தாய் வருகிறாள். வந்து சேர்கிற அன்று மகள் குடிசையில் செத்துக் கிடக்கிறாள். தாய் பாட வேண்டும். மெட்டு தயாராக இருந்தது. நாடகம் போட இன்னும் பன்னிரண்டு நாள்.

ஐந்து பாட்டு எழுதினேன். விதி, தெய்வம், பாழும் காடு, பெற்ற வயிறு எல்லாவற்றையும் போட்டேன். ஐந்திலும் எல்லா வரியிலும் சுண்ணாம்பு விழுந்தது. ஐந்தாவதை இரண்டாக மடித்து என் கையில் கொடுத்தார்.

"அழுகை வார்த்தை அத்தனையும் இருக்கு. ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. நீரு யாரையும் சாகக் குடுத்ததில்லையா?"

"என்ற பொண்டாட்டி போயி ரெண்டு வருசமாச்சுங்க."

அவர் ஆர்மோனியத்தின் துருத்தியை மூடினார். "அன்னிக்கு என்னவே செஞ்சீரு?"

"நாட்குறிப்பு எழுதினேனுங்க."

அவர் துருத்தியைத் திறந்து வேறு மெட்டுக்குப் போய்விட்டார்.

நான் அன்று நடந்து வரும்போது, அந்த நாளுக்கு எத்தனை வரி எழுதினேன் என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை. வந்ததும் பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். பத்து வரியும் நிரம்பியிருந்தது. எழுத்து சீராக இருந்தது.

அதில் இருந்தது இதுதான். காலையில் பரங்கிக்காய் அரியும்போது மார் அடைக்கிறது என்று படுத்தாள். வைத்தியர் வருவதற்குள் முடிந்தது. பரங்கிக்காய் பாதி பலகைமேல் இருக்கிறது. விதைகள் காய்ந்துவிட்டன. கொடியில் ஈரச் சேலை போட்டிருந்தாள். உலர்ந்துவிட்டது. மடிக்கவில்லை. மாலை. ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். மழை இல்லை.

மறுநாள் குறிப்பில் ஒரு வரி: அக்கா அந்தப் பாதிக் காயைக் கொண்டுபோய் வாழைக்குழியில் புதைத்தாள். எழவு விழுந்த வீட்டில் அரிந்த காயை யாரும் தின்பதில்லை.

மெட்டின் அளவை விரலில் தட்டிக்கொண்டு, அந்தப் பக்கத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். எழவு இல்லாத வீட்டில் புலம்பலை வாய்விட்டுச் சொல்வது எங்கள் பக்கத்தில் ஆகாது. அதனால் உதட்டை அசைக்கவில்லை. அக்கா அடுத்த அறையில் கடலைக்காய் உடைத்துக்கொண்டிருந்தாள். நான் கணக்குப் பார்க்கிறேன் என்று நினைத்திருப்பாள்.

பாதி அரிந்த பரங்கிக்காய் பலகை மேலே இருக்குதம்மா
மீதி அரியக் கையைக் காணோம் விதைகள் காய்ந்து கிடக்குதம்மா
கொடியில் போட்ட ஈரச் சேலை உலர்ந்து காற்றில் ஆடுதம்மா
மடித்து வைக்க ஆளைக் காணோம் மாலை வந்து மூடுதம்மா

இந்தப் பல்லவிக்கு மூன்று சரணம். எழுத எடுத்த நேரம் முக்கால் மணி. முன்பு எழுதிய ஐந்துக்கும் ஒவ்வொன்றுக்கு இரண்டு நாள் ஆகியிருந்தது. சேலை என்பதைப் பல்லுக்காகப் புடவை என்று மாற்றினேன். அதோடு முடிந்தது.

ஆர்மோனியக்காரர் வாசித்துப் பார்த்தார். சுண்ணாம்பு டப்பியைத் தேடி எடுத்தார். திறக்காமல் கீழே வைத்தார்.

"பரங்கிக்காயா?" என்றார். பிறகு, "சரிவே. பாடச் சொல்லிப் பாப்போம்."

நாடகம் போட்ட அன்று எங்கள் ஊர்ப் பெண்கள் ஒரு வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். அக்காவும் வந்தாள். கூப்பிட்டது நான்தான். என்னைச் சேர்த்துக்கொள்வார்களா என்பது இன்றைக்குத் தெரிந்துவிடும், நீயே பார் என்று சொல்லியிருந்தேன். என்ன பாட்டு என்று சொல்லவில்லை. மறைத்தேன் என்பதும் சரியல்ல. சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

நான் பக்கத்திரைக்குப் பின்னால் ஆர்மோனியத்துக்கு அருகில் உட்கார்ந்திருந்தேன். தாய் வேஷக்காரர், அந்த முன்பல் இல்லாதவர், குடிசைக்குள் வந்தார். காஸ் விளக்கின் வெளிச்சத்தில் பலகையும் பாதிக் காயும் வைத்திருந்தார்கள். சந்தையில் அன்று வாங்கிய உண்மைக் காய். அவர் மகளைப் பார்ப்பதற்கு முன் காயைப் பார்த்தார். அது அவருடைய யோசனை. பாடத் தொடங்கினார். மீதி அரியக் கையைக் காணோம் என்றபோது பெண்கள் பக்கத்தில் ஒரு சத்தம் கிளம்பியது. இருமல் என்று முதலில் நினைத்தேன். இரண்டாம் சரணத்தில் ஆண்கள் பக்கமும் மூக்கை உறிஞ்சினார்கள்.

பாட்டு முடிந்ததும் முன்வரிசையில் ஒருவர் எழுந்து ஒன்ஸ்மோர் என்றார். கொட்டகை முழுவதும் ஒன்ஸ்மோர் என்றது. ஜனங்கள் கேட்டால் பாடித்தான் ஆக வேண்டும். எந்தக் கம்பெனியிலும் அதுதான் வழக்கம். தாய் வேஷக்காரர் எழுந்தார், ஒரு சோடா குடித்தார், முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய் மறுபடி குடிசைக்குள் நுழைந்தார். பிணமாகக் கிடந்தவர் அதற்குள் மூக்கைச் சொறிந்துகொண்டார். இரண்டாம் தடவை முடிந்ததும் மறுபடியும் ஒன்ஸ்மோர். மூன்றாம் தடவை, விதைகள் காய்ந்து கிடக்குதம்மா என்ற இடத்தைக் கொட்டகையே சேர்ந்து பாடியது.

எனக்கு ஒன்றும் வரவில்லை. வரும் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தேன். புடவை என்ற சொல் தாளத்தில் சரியாக உட்கார்ந்ததைக் கவனித்தேன். மூன்றாம் சரணத்தில் மூச்சுக்கு இன்னும் ஓர் இடம் விட்டிருக்கலாம்.

"வெள்ளிக்கிழமை கெளம்புறோம். பெட்டியைக் கட்டிக்கங்க," என்றார் முதலாளி. ஆர்மோனியக்காரர் என் தோளில் கை வைத்தார். வைத்த இடத்தில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

நான் வீடு வந்து சேரும்போது விடிந்திருந்தது. பெண்களின் வண்டி முன்பே வந்துவிட்டது. அக்கா கிணற்றுத் தொட்டியில் தலையோடு குளித்துவிட்டு, ஈரச் சேலையோடு வாசலில் நின்றாள். படிக்குப் பக்கத்தில் இன்னொரு குடம் நிறைய தண்ணீர்.

"தலையோட ஊத்திக்கிட்டு உள்ள வா."

"எதுக்குக்கா?"

"எழவு ஊட்டுக்குப் போயிட்டு வந்தா எதுக்கு ஊத்துவாங்க?"

சட்டையோடு ஊற்றிக்கொண்டேன். அவள் நகரவில்லை.

"அந்தக் காயப் பொதைச்சது நானு. ஆருகிட்டயும் சொல்லுல. நீ ஊரக் கூட்டி வெச்சுத் தோண்டி எடுத்துப் போட்டே."

என் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"மூணு தடவை பாடறாங்க. அவ ஒருக்காத்தான் செத்தா."

"ஜனங்க கேட்டாங்கக்கா. கேட்டாப் பாடோணும்."

"அவ கட்டுனது சேலை. பொடவைன்னு ஏன் போட்டே?"

"பாடறவருக்கு முன்பல்லு இல்லை. சேலைன்னாச் சீட்டி அடிக்குது."

அக்கா என்னைப் பார்த்தாள். அவள் முகம் சிரிக்கப் போவதுபோல் ஒரு கணம் ஆனது. பிறகு ஆகவில்லை.

"அன்னைக்கு நீ ஒரு சொட்டு அழுவுல. நோட்ட எடுத்துட்டு உக்காந்தே. சரி, ஆம்பளை, உள்ளயே வெச்சுக்கறான்னு நெனச்சேன். உள்ள வெச்சது அங்க வந்துதான் கேக்கோணுமா நானு?"

"கம்பெனியில சேத்துக்கிட்டாங்க," என்றேன். 

"தெரியும். அத்தனை பேரும் அழுதாங்களே." முந்தானையைப் பிழிந்தாள். "இன்னைக்கே எருத்தேம்பதிக்கு ஆளு விட்டுப் பொண்ணு வேண்டாம்னு சொல்லிப்போடறேன். கம்பெனிக்காரன் சேக்காட்டியும் அதத்தான் சொல்லியிருப்பேன். எழவு முடியாத ஊட்டுக்குள்ள இன்னொருத்தியக் கூட்டிட்டு வரக் கூடாது. முடிஞ்சுபோச்சுன்னு நெனச்சுட்டிருந்தேன்."

உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். அன்று சமையலில் என்ன காய் என்று குறிப்பில் இல்லை. சோறு என்று மட்டும் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை கிளம்பினேன். காட்டைப் பங்காளிக்கு விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு விட்டோம். மாட்டை அக்கா விற்கவில்லை.

பொள்ளாச்சி, உடுமலை, பழனி, கம்பம் என்று கொட்டகை போட்டுக்கொண்டே போனோம். ஒரு பருவத்தில் கம்பம்மெட்டுக்கு மேலே ஏறி, ஏலக்காய் எடுக்க வந்த ஆட்களுக்காகப் பத்து நாள் ஆடினோம். மலைக்கு ஏறிய இடத்திலும் அந்தப் பாட்டுக்கு மூன்று ஒன்ஸ்மோர். ஆட்டம் முடிந்து விடிந்ததும் நான் ஓடைக்குப் போய்த் தலையோடு முழுகிவிட்டு வருவேன். எந்த ஊரிலும் விட்டதில்லை. அந்தக் குளிரில் பல் அடித்துக்கொண்டு வந்ததைப் பார்த்து ஆர்மோனியக்காரர் கேட்டார்.

"என்னவே இது, பாட்டுக்கு ஒரு குளியலா? நீரு இன்னும் நூறு பாட்டு எழுதினா ஆறு வத்திப் போயிரும்."

"அந்த ஒரு பாட்டுக்கு மட்டுந்தானுங்க."

அவர் போர்வையை எடுத்து என்மேல் போட்டார். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அக்கா அப்படிச் செய்யச் சொல்லவில்லை. நானாகவும் முடிவு செய்யவில்லை. முதல் ஊரில் செய்தேன், இரண்டாம் ஊரில் செய்தேன், பிறகு அது காலையில் செய்யும் வேலைகளில் ஒன்றாகிவிட்டது. குளியல், நோட்டு, மெட்டு, மூன்று எதுகை, அடித்தல், நல்லபடியாகப் பெயர்த்து எழுதுதல். பாட்டு எழுதுவதைத் தொழிலாகச் செய்ய வேண்டுமானால் என்ன வேண்டும் என்று இப்போது என்னிடம் கேட்கிறார்கள். இசைத்தட்டுக்காரர்கள் பாட்டுக்காக ஆள் அனுப்பத் தொடங்கிய பிறகு இப்படிக் கேட்பவர்கள் அதிகம். நான் இந்த வரிசையைச் சொல்கிறேன். குளியலையும் சேர்த்தே சொல்கிறேன். சுத்தத்துக்காக என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

வருடத்துக்கு ஒரு முறை, கம்பெனிக்கு ஓய்வு விடும்போது, ஊருக்குப் போவேன். ஒவ்வொரு முறையும் வாசற்படிக்குப் பக்கத்தில் அந்தக் குடம் நிரம்பியிருக்கும். நான் வரும் நாள் அவளுக்குக் கடிதத்தில் தெரியும். ஊற்றிக்கொண்டு உள்ளே போவேன். அதன் பிறகுதான் சௌக்கியமா என்று கேட்பாள். பதினோரு வருடம் இப்படி நடந்தது.

பிறகு தாய் வேஷக்காரருக்குத் தொண்டை போய்விட்டது. அந்த நாடகத்தை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்டார்கள். அதில் புலம்பல் இருக்கிறது, நான்தான் எழுதினேன், அதில் இருக்கும் சாமான்கள் எதுவும் எங்கள் வீட்டில் இருந்தவை அல்ல. அதற்கும் ஒன்ஸ்மோர் வருகிறது, ஒன்று அல்லது இரண்டு.

அந்த வருடம் ஊருக்குப் போனபோது வாசலில் குடம் இல்லை. நான் பையைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். கொடியில் அக்காவின் வெள்ளைச் சேலை காய்ந்துகொண்டிருந்தது. உள்ளிருந்து அவள் எட்டிப் பார்த்தாள். தலை முழுவதும் நரைத்திருந்தாள்.

"என்ன அங்கயே நின்னுட்டே?"

"குடத்தைக் காணோம்."

"அதைத்தான் இப்பப் பாடறதில்லைன்னு எழுதியிருந்தியே."

"ஆமா."

"பொறவு எதுக்குக் குடம்? உள்ள வா. சோத்துக்குச் சாறு கொதிக்குது."

நான் இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு பையை எடுத்துக்கொண்டு கொடியைத் தாண்டி நேராக உள்ளே போனேன்.

அன்றைய குறிப்பில் மூன்று வரி இருக்கிறது. மழை இல்லை. குடம் இல்லை. பரங்கிக்காய்ச் சாறு. மீதி ஏழு வரியை நிரப்பவில்லை.